சரசக்கா வீட்டுத் தொட்டியில் இறங்காத நைட்ரேட்

1. தண்ணீர் சோதிக்கிறவள்

"ஏனுங்க ஸ்டெல்லா, தண்ணி டெஸ்ட் பண்றது உங்க வேலைதானுங்களே?"

முதலாளி நாச்சிமுத்து இப்படி ஆரம்பித்தால் ஏதோ புது வேலை வருகிறது என்று அர்த்தம். அருள்புரம் பக்கம் இருந்த அவருடைய சாயப்பட்டறையின் லேபில் நான் இருந்தேன். போர்த் தண்ணீர், லாரித் தண்ணீர், சாயம் கழுவி வெளியே வரும் தண்ணீர், ஆர்.ஓ. பிளாண்டில் சுத்தமாகித் திரும்பி வரும் தண்ணீர் என்று நாள் முழுக்கக் குப்பியில் பிடித்து, பி.ஹெச்., டி.டி.எஸ்., ஹார்ட்னஸ் பார்ப்பது என் வேலை. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகித் திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தேன். படித்த பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி ரொம்ப வருடம் கழித்துத்தான் இந்த லேபில் கொண்டுவந்து விட்டது.

"ஆமா சார்," என்றேன்.

"அப்ப ஒரு எட்டு ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க. மீன் தொட்டித் தண்ணி சரியில்லீங்க."

"மீன் தொட்டியில நான் என்ன சார் பாக்க?"

"உள்ள பூவாட்டம் ஒண்ணு இருக்குதுங்க. பவளங்கறாங்க. அது விரிய மாட்டீங்குது. சரசு அதையே பாத்துட்டு உக்காந்திருக்கறா. இது வாடிப்போச்சுன்னா நானும் அவ்வளவுதான்னு நேத்துச் சொல்றாளுங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக பாய்லர் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரசு என்பது அவர் மனைவி சரஸ்வதி. பட்டறையில் எல்லோருக்கும் சரசக்கா. மார்பில் கட்டி என்று கோவையில் ஆபரேஷன் முடிந்து, கீமோ மருந்து ஏறிக்கொண்டிருந்த சமயம். யார் பார்க்கப் போனாலும் எழுந்து உள்ளே போய்விடுகிறார், டிவியும் பார்ப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். மனைவிக்குப் பொழுதுபோகட்டும் என்று முதலாளி கோவைக் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து, ஹாலில் சுவரை ஒட்டி உப்புநீர்த் தொட்டி வைத்திருந்தார். சாதாரண மீன் தொட்டி இல்லை, பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டி. கடல் கல், கடல் மணல், க்ளௌன் மீன், நீலமாக ஒரு டேங் மீன், சென்னையிலிருந்து வந்த மென்பவளங்கள்.

எனக்கு மறுக்க வழியில்லை. மறுக்கத் தெம்பும் இல்லை. அந்த நாட்களில் பட்டறைகளுக்குக் கழிவுநீர் விஷயத்தில் கோர்ட்டும் அதிகாரிகளுமாக நெருக்கடி மேல் நெருக்கடி. சாம்பிள் எடுத்தே கை வெந்து போயிருந்தது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்ச் சமைக்கவும் வேண்டும். இதற்கு நடுவில் மீன் தொட்டி. "சரி சார்," என்று சொல்லிவிட்டு அடுத்த குப்பியை எடுத்தேன்.

2. அடர் சிவப்பு

சரசக்கா தொட்டிக்கு நேர் எதிரே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் பருத்தித் துண்டு. முன்பு தீபாவளி போனஸ் நாளில் பட்டறைக்கு வந்து எல்லோருக்கும் இனிப்புக் கொடுக்கும் அந்தப் பெரிய உருவம் பாதியாகியிருந்தது.

"வாங்க கண்ணு. அதப் பாருங்க. வந்தப்ப உள்ளங்கையாட்டம் விரிஞ்சிருந்துச்சு," என்றார்.

லெதர் பவளம் என்பார்கள் அதை. நன்றாக இருந்தால் குடைபோல விரிந்து, மேலெல்லாம் மஞ்சளாகச் சின்ன விரல்கள் நீட்டி ஆடும். அன்று அது காய்ந்த காளான்போலச் சுருங்கி, தோல் பளபளத்துக் கிடந்தது. கண்ணாடியில் பழுப்புப் பாசி. கல்லில் நூல் நூலாகப் பச்சை.

கடைக்காரர் வைத்துவிட்டுப் போன டெஸ்ட் கிட் இருந்தது. எங்கள் லேப் முறை உப்புத் தண்ணீருக்கு ஒத்துவராது, குளோரைடு கெடுத்துவிடும். அதனால் அந்தக் கிட்டிலேயே பார்த்தேன். அமோனியா இல்லை. நைட்ரைட் இல்லை. நைட்ரேட் மட்டும் அடர் சிவப்பு. அட்டையில் அதற்கு மேல் நிறமே இல்லை. பாதிக்குப் பாதி லேபிலிருந்து கொண்டுவந்த டிஸ்டில்டு வாட்டர் கலந்து மறுபடி பார்த்து இரண்டால் பெருக்கினேன். லிட்டருக்கு நூறு மில்லிகிராமைத் தாண்டியது. பவளம் வைத்த தொட்டியில் பத்துக்குள் இருந்தால் நிம்மதி, இருபது வரை பரவாயில்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"போன தடவ நான் பாத்தப்ப இருபதுதான் மேடம் காட்டுச்சு," என்றார்.

"ரெண்டாவது பாட்டில நல்லா குலுக்குனீங்களா?"

"லைட்டா."

கிட்டில் இரண்டாவதாக ஊற்றும் அந்தப் பாட்டிலில் மருந்து அடியில் கட்டியாகப் படிந்துவிடும். தரையில் தட்டி, கை வலிக்கும்வரை குலுக்கினால்தான் உண்மை நிறம் வரும். குலுக்காமல் பார்த்தால் எல்லாத் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். புதிதாகத் தொட்டி வைத்து இப்போது என்னிடம் யோசனை கேட்கும் பிள்ளைகள் இதை மறக்க வேண்டாம்.

சரசக்காவுக்குப் புரியும்படி சொன்னேன். "மீன் கழிவு, தின்னாத தீனி எல்லாம் அழுகுனா முதல்ல அமோனியா ஆகும்க்கா. அது மீனைக் கொல்லும். கல்லுல குடியிருக்க பாக்டீரியா அத மாத்தி மாத்தி கடைசியில நைட்ரேட் ஆக்கிரும். அதோட நின்னுரும். அது தானாப் போகாது. சேந்துக்கிட்டே இருக்கும். மீன் தாங்கிரும், பவளம் தாங்காது."

"அப்ப யாராச்சும் வெளிய எடுக்கோணும்."

"ஆமாக்கா."

"எடுங்க கண்ணு," என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

3. லாரித் தண்ணீர்

தண்ணீர் மாற்றுவதுதான் முதல் வழி. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் நைட்ரேட்டும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். அவசரப்பட்டு முக்கால் தொட்டியைக் கொட்டி ஊற்றினால், சுருங்கிக் கிடக்கும் பவளம் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். டிரம்மில் முந்தின நாளே உப்புக் கலக்கி, மோட்டார் போட்டுச் சுழலவிட்டு, உப்பு அளவும் சூடும் தொட்டிக்குச் சமமானபின் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். மாற்றினேன். எண் இறங்கவே இல்லை.

அப்போதுதான் ஊற்றுகிற தண்ணீரைச் சோதித்தேன். அந்த வீட்டுக்கு சேவூர்ப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து லாரித் தண்ணீர் வந்தது. குடிக்க இனிப்பாக இருக்கும். மஞ்சள் வர வேண்டிய டெஸ்ட் டியூபில் அது ஆரஞ்சு நிறம் காட்டியது. வயலுக்குப் போட்ட யூரியா கிணற்றுக்குள் இறங்காமல் எங்கே போகும்? வீட்டு ஆர்.ஓ. மெஷினின் மெம்பரேன் பழசாகி, வந்ததை அப்படியே வெளியே விட்டுக்கொண்டிருந்தது. நான் நைட்ரேட்டை எடுத்துவிட்டு நைட்ரேட்டையே ஊற்றியிருக்கிறேன்.

முதலாளியிடம் சொன்னேன்.

"அதுக்கென்னுங்க, நம்ம பட்டறை ஆர்.ஓ. தண்ணி எவ்வளவு வேணும்? ஒரு டேங்கர் அனுப்பறேன்."

"அது துணிக்குச் சரி சார். சாயத் தண்ணியச் சுத்தம் பண்ணுனது, பவளத்துக்கு ஆகாது. புது மெம்பரேன் போட்டா போதும்."

போட்டார்கள். தண்ணீர் சுத்தமாக வந்தது. எண் கொஞ்சம் இறங்கியது. எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பழையபடி சிவப்பு.

எத்தனை மீன், எவ்வளவு தீனி என்று விசாரித்தேன். தீனி போடுவது வீட்டில் சமைக்கும் மணியக்கா. ஒரு சிட்டிகை, அதுவும் காலையில் மட்டும். நானே பார்த்தேன், சரியான அளவுதான். தீனியாகக் கொடுக்கும் உறைந்த இறாலை நன்றாகக் கழுவிப் போடச் சொன்னேன். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன். எண் அசையவில்லை.

இதற்கிடையில் பட்டறையில் முதலாளி என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னார். "இப்பெல்லாம் சரசு நல்லாச் சாப்பிடறா ஸ்டெல்லா. நான் தட்டக் கையில குடுத்துட்டுக் குளிக்கப் போவேன். வர்றதுக்குள்ள காலி. டாக்டர் சொன்ன முட்டை வெள்ளைக்கருகூட மிச்சம் வெக்கறதில்ல." உடம்பு ஏன் ஏறவில்லை என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. மருந்தின் வேகமாக இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

4. ஸ்பாஞ்சு

ஒரு சனிக்கிழமை ஃபில்டரைத் திறந்து ஸ்பாஞ்சைப் பிழிந்தேன். வழக்கமாக வருவது பழுப்புச் சேறு. அன்று வெள்ளையாகக் கூழ் வந்தது. புளித்த நாற்றம். அதற்குள் சில பருக்கைகள், ரப்பர்போல ஒரு துண்டு. விரலால் நசுக்கிப் பார்த்தேன். முட்டை வெள்ளைக்கரு.

ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டு, கல்லுக்கு அடியில் உறிஞ்சினேன். அங்கேயும் அதே. இட்லித் துணுக்கு, குழைந்த சோறு. வாளி நிரம்பியது.

சரசக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, இது மீன் தீனி இல்லயே," என்றேன்.

சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "அந்தக் கதவச் சாத்துங்க கண்ணு," என்றார்.

சாத்திவிட்டு வந்தேன்.

"வாயில எத வெச்சாலும் இரும்ப நக்குன மாதிரி இருக்குது. முட்டை வாசம் வந்தாலே கொமட்டுது. நான் வாங்கற வரைக்கும் அவரு தட்டப் புடிச்சுட்டு முன்னால நிக்கறாரு. வேண்டாம்னு சொன்னா அந்த மொகத்தப் பாக்க முடியல. தட்டு காலியா இருந்தா சிரிச்சுட்டுப் பட்டறைக்குப் போறாரு."

"அதனால இதுல போட்டீங்க."

"மீனு திங்குதுல்ல?"

"கொஞ்சந்தான் திங்கும்க்கா. மிச்சம் கல்லுக்கடியில கிடந்து அழுகுது. அதுதான் இவ்வளவு நைட்ரேட்டு."

அவர் பவளத்தைப் பார்த்தார். "அப்ப நாந்தான் அத வாட வெச்சுட்டு இருக்கறனா?"

 ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டே இருந்தேன். இத்தனை வாரமாக அந்தச் சிவப்பு நிறத்தைத் தண்ணீரின் குறையாகத்தான் பார்த்தேன். இந்த அம்மா சாப்பிடாத சாப்பாடு அத்தனையும் அந்தக் குப்பிக்குள் இருந்தது.

"டாக்டர்ட்ட இதச் சொன்னீங்களா?"

"அங்கயும் ஊட்டுக்காரரு பக்கத்துலயே நிக்கறாரு. எப்புடிச் சொல்றது?"

"அப்ப சார்ட்ட நான் சொல்லுதேன்."

"வேண்டாங் கண்ணு. சொல்லீராதீங்க. பட்டறையில இருக்கற தலவலி போதும் அவருக்கு."

"சாப்பிடாம இந்த மருந்த எப்படித் தாங்குவீங்க? அடுத்த ஊசிக்குப் போகையில நீங்களே டாக்டர்ட்ட சொல்லிருங்க. இல்லன்னா நான் சொல்லாம இருக்க மாட்டேன்க்கா."

தலையை ஆட்டினார். சரி என்கிறாரா, போ என்கிறாரா என்று தெரியவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். என் கையில் அந்தப் புளித்த நாற்றம் போகவில்லை. முதலாளி வீட்டுச் சமாச்சாரத்தைத் தெரிந்துகொள்வதற்கா நான் சம்பளம் வாங்குகிறேன் என்று எரிச்சலாகவும் இருந்தது.

5. முட்டையுந்தான்

அடுத்த முறை நான் போனபோது முதலாளியும் வீட்டில் இருந்தார். பட்டறையில் ஏதோ பிரச்சினை. போனில் கத்திவிட்டு வந்தவர் என் கையிலிருந்த டியூபைப் பார்த்தார்.

"இன்னும் செவப்புதானுங்களா?"

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு சார்."

"எத்தன வாரமாச்சுங்க? ஒரு தொட்டித் தண்ணியச் சரி பண்ண முடியலீன்னா பட்டறைத் தண்ணிய எந்த லட்சணத்துல பாக்கறீங்க? தெரீலைன்னா தெரீலைன்னு சொல்லிப்போடுங்க. வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவர் அப்படிப் பேசுகிற மனிதர் இல்லை.  பதில் வாய் வரைக்கும் வந்தது. சரசக்காவைப் பார்த்துவிட்டு விழுங்கினேன். "பாக்கேன் சார்," என்றேன்.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "அவங்கள எதுக்கு வையறீங்க? நாந்தான் போட்டேன்."

"என்ன போட்டே?"

"சாப்பாட்ட. நீங்க குடுத்த சாப்பாட்டயெல்லாம் அதுலதான் போட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"முட்டையுமா?"

"முட்டையுந்தான்."

வெள்ளை வேட்டியோடு அப்படியே தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். தரை முழுக்க நான் சிந்திய உப்புத் தண்ணீர்.

"காலித் தட்டப் பாத்துப் பாத்து, சாமிக்கு வேற நேந்துட்டு வந்தேன் சரசு," என்றார்.

"தெரியும். அதனாலதான் சொல்ல முடியல."

"நான் நிக்கறது கஷ்டமா இருந்துச்சுன்னா, போங்கன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"போங்கன்னு எப்புடிச் சொல்றது? நீங்க நின்னாத்தான் எனக்கும் தைரியமா இருக்குது. அந்தத் தட்டு மட்டுந்தான் வேண்டாம்."

நான் டெஸ்ட் கிட்டை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். "இருங்க ஸ்டெல்லா," என்றார் முதலாளி. எழுந்திருக்காமலே, "நான் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க," என்றார். மணியக்கா காப்பி கொண்டுவந்தாள். யாரும் குடிக்கவில்லை.

அந்த வாரமே இருவரும் டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மருந்துக்கு நாக்கு அப்படித்தான் ஆகும், எவர்சில்வர் ஸ்பூனை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் ஸ்பூனில் கொடுங்கள், சூடாக வேண்டாம், ஆறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள் என்றாராம். குமட்டலுக்கு மாத்திரையும் மாற்றினார். முட்டைக்குப் பதில் பருப்பும் பாலும். முதலாளி தட்டோடு நிற்பதை விட்டார். பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட ஆரம்பித்தார்.

6. பாசிப் பெட்டி

உள்ளே போவது நின்றபிறகுதான் வெளியே எடுப்பதற்கு அர்த்தம் வந்தது. கல்லுக்கடியில் இருந்ததை வாராவாரம் உறிஞ்சி எடுத்தேன். ஸ்பாஞ்சைத் தவறாமல் பிழிந்து கழுவினேன். ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீர். கூடவே, கடைக்காரர் சொன்ன ஒரு யோசனையும் நன்றாக வேலை செய்தது. தொட்டிக்குப் பின்னால் சின்னக் கண்ணாடிப் பெட்டி ஒன்று வைத்து, அதில் தொட்டித் தண்ணீர் போய்வரும்படி செய்து, சிக்குப் பிடித்த நூல் பந்துபோல இருக்கும் ஒரு கடல்பாசியைப் போட்டு, மேலே விளக்கு. பாசி வளர நைட்ரேட் வேண்டும். தண்ணீரிலிருந்து அது இழுத்துக்கொள்ளும். வளர்ந்த பாசியைப் பாதி கிள்ளி வெளியே எறிந்தால், அதற்குள் போன நைட்ரேட்டும் சேர்ந்து வெளியே போய்விடும். கரண்ட் கட் நிறைய இருந்த காலம். விளக்கையும் மோட்டாரையும் இன்வெர்ட்டரில் மாட்டினார்கள்.

சரசக்காவுக்குப் பாசியைத் தானே கிள்ள ஆசை. நான் விடவில்லை. கீமோ எடுப்பவர்கள் மீன் தொட்டித் தண்ணீரில் கை வைக்கக் கூடாது, கிருமி ஏறிவிடும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தாள். அதனால் அவர் நாற்காலியிலிருந்தே, "அந்தப் பக்கம் இன்னுங் கொஞ்சம் எடுங்க, அங்க அடைசலா இருக்குது," என்று சொல்லுவார். நான் எடுப்பேன்.

சிவப்பு ஆரஞ்சானது. அந்த இடத்திலேயே வெகுநாள் நின்றது. கல்லும் மணலும் உள்ளே வாங்கி வைத்திருந்ததை மெதுவாகத்தான் விட்டன. நடுவில் ஒரு மென்பவளம் கரைந்து போய்விட்டது. அன்று அக்கா நாற்காலியைத் தொட்டிக்கு எதிரிலிருந்து நகர்த்திப் போட்டுக்கொண்டார். நான் கரைந்ததைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். லெதர் பவளம் மட்டும் ஒருநாள் பழைய தோலைப் பாம்பு சட்டை உரிப்பதுபோல உரித்துவிட்டு, ஓரத்தில் நாலைந்து விரலை நீட்டியது. மணியக்கா பட்டறைக்குப் போன் போட்டுச் சொன்னாள். நான் சாயத் தண்ணீர்க் குப்பியோடு நின்றுகொண்டிருந்தேன். "சரி" என்று மட்டும் சொன்னேன். சந்தோஷப்படக்கூட ஓய்வாக ஒரு நிமிஷம் வேண்டியிருக்கிறது.

7. கடைசி டெஸ்ட்

ஊசிகள் முடிந்தன. சரசக்காவுக்கு முடி குச்சி குச்சியாக முளைத்தது. கல்யாண வீடுகளுக்குப் போகத் தொடங்கினார். நான் தொட்டி பார்க்கப் போகும்போது பாதி நாள் அவர் வீட்டில் இருக்கமாட்டார். பிரம்பு நாற்காலி மாடிக்குப் போய்விட்டது. டெஸ்ட் டியூப் வெளிர் மஞ்சள் காட்டியது. பவளம் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து ஆடியது. பார்க்க ஆளில்லை.

ஒருநாள் அவரே சொன்னார். "இத எடுத்துரலாமா கண்ணு? இதுக்கு முன்னால போனா இன்னும் நோயாளியாட்டமே இருக்குது."

இத்தனை பாடுபட்டுச் சரிசெய்தபிறகா என்று எனக்குள் ஏதோ கசந்தது. சொல்லவில்லை. கடைக்காரர் வந்து மீன்களையும் பவளத்தையும் பையில் கட்டி எடுத்துப் போனார். கல்லை வாளியில் போட்டு, தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கி, மணலை அள்ளினேன். இடுப்பு விட்டுப்போனது.

கை கழுவிவிட்டு வந்தபோது சரசக்கா சாப்பிட உட்கார்ந்திருந்தார். "வாங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்," என்றார். எனக்கும் இலை போட்டிருந்தது. ரசம் ஊற்றி ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"மணீ, ரசத்துல மொளகே போடலியா? சப்புன்னு இருக்குது."

அக்காவின் வாய்க்கு ஆகாது என்று, மருந்து ஏறிய நாளிலிருந்து மணியக்கா மிளகு போடுவதையே விட்டிருந்தாள். இப்போது சமையலறையிலிருந்து மிளகுத்தூளைக் கொண்டுவந்து வைத்தாள். அக்கா அதைத் தூவிப் பிசைந்து, இன்னொரு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

கடைக்காரரிடம் என் நம்பரை வாங்கி, நைட்ரேட் ஏறினால் என்னிடம் போனில் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நைட்ரேட்டைக் குறைக்கும் என்று விற்கிற பாட்டில் மருந்தை முதலில் வாங்காதீர்கள். கிட்டை நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். ஊற்றுகிற தண்ணீரைச் சோதியுங்கள். அதற்குப் பிறகும் இறங்கவில்லை என்றால், வீட்டில் யாரோ எதையோ உள்ளே போடுகிறார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, ஏன் என்று கேளுங்கள்.